கடலுக்குக் காதோலை கருகமணி

1

ஆடிப்பெருக்கு அன்று எங்கள் வீட்டுக்குள் கடல் வந்தது. வெற்றிலை பாக்கு வைத்து அழைத்ததே நான்தான் என்று தெருவில் பேச்சு. இந்நேரம் ஊர் வரைக்கும் வந்திருக்கும். ஊரில் பாதியைக் கேட்டுவிட்டு மீதியை அவரவர் சேர்த்துக்கொள்வீர்கள். அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

நான் இருப்பது மலேசியாவில், கிள்ளான் துறைமுகத்துப் பக்கம். கல்யாணமாகி வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பிறந்தது ஸ்ரீரங்கம். அப்படிச் சொன்னதும் இங்கே எல்லோரும் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். நாங்கள் பெருமாளுக்குப் பக்கத்து வீடு என்று நினைப்பு. எங்கள் வீடு கொள்ளிடக் கரையில், மேலூர்ப் பக்கம். அங்கிருந்து கோபுரம் தெரியும். பெருமாளுக்கு நாங்கள் தெரிந்திருப்போமா என்பது சந்தேகம். அப்பாவுக்குப் படுகையில் வாழை. படுகை என்றால் ஆற்றை ஒட்டின நிலம். ஆறு சும்மா இருக்கும் வரைக்கும் நம்முடையது.

எட்டாவது வரைக்கும் படித்தேன். ஒன்பதாவது போகாததற்குக் காரணம் வறுமை இல்லை. கணக்கு.

வீட்டுக்காரர் பெயர் முனியாண்டி. இங்கேயே பிறந்தவர். துறைமுகத்தில் கண்டெய்னர் லாரி ஓட்டினார். இப்போது ஓய்வு. ஓய்வு என்றால் காலை நீட்டிக்கொண்டு டிவி பார்ப்பது. அந்தக் காலால்தான் இவ்வளவு கதையும். ஒரே மகள் சுபா. கோலாலம்பூரில் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை. வெள்ளத்துக்கு இன்ஷூரன்ஸ் போடுகிற கம்பெனி. எங்கள் தெருவுக்கு மட்டும் போடமாட்டார்களாம். காரணம் கேட்டேன். "ஏன்னா உங்க தெருவுல வெள்ளம் வருதும்மா" என்றாள்.

2

திருச்சிக்காரர்களுக்குத் தண்ணீர் வந்தால் சந்தோஷம். அது ஒரு வியாதி.

மேட்டூரில் திறந்துவிட்டார்கள் என்று கேட்டால் போதும். காவிரிப் பாலத்தில் வண்டியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்ப்போம். பின்னால் வருகிறவன் ஹாரன் அடிக்கமாட்டான். அவனும் இறங்கிப் பார்ப்பான். ஆடி பதினெட்டுக்கு அம்மா மண்டபப் படித்துறையில் கால் வைக்க இடம் இருக்காது. காவிரி கர்ப்பமாக இருக்கிறாள் என்பது நம் கணக்கு. மசக்கைக்காரிக்கு வாய்க்கு ருசியாக இருக்கட்டும் என்று புளிசாதம், தேங்காய் சாதம், காப்பரிசி. போட்டுக்கொள்ள காதோலை கருகமணி. ஓலைச் சுருள் ஒன்று, கறுப்பு மணி நாலைந்து. நகை வாங்க முடியாதவர்கள் ஆற்றுக்குச் செய்கிற நகை அது. ஆடியில் ஒரு நாள் பெருமாளே படித்துறைக்கு வந்து அவளுக்குச் சீர் கொடுத்து அனுப்புகிறார். பெருமாளே கொடுத்து அனுப்பும்போது நாம் எம்மாத்திரம்.

அது ஸ்ரீரங்கத்துக்குத் தெற்கே. வடக்கே கொள்ளிடம். காவிரி கும்பிட, கொள்ளிடம் முழுக. காவிரியில் வருவது தாய், கொள்ளிடத்தில் வருவது உபரி. எல்லாம் ஒரே தண்ணீர்தான். அம்மா மண்டபத்தில் தாய்க்குப் படைத்துவிட்டு வீடு திரும்பினால் உபரி அடுப்படியில் நிற்கும். வாழை படுத்துவிடும். அப்பா திட்டமாட்டார். தண்ணீர் வடிந்த பிறகு போய், கணுக்கால் அளவு வண்டலை மிதித்துப் பார்த்து, "எரு போட்டுட்டுப் போயிருக்கா" என்பார். அடுத்த வருஷத் தார் பெரிதாக இருக்கும்.

இந்தப் புத்தியோடு நான் இங்கே வந்தேன்.

வந்த முதல் ஆடியில் ஒரு நாள், பின்பக்கத்தில் தண்ணீர் ஏறுகிறது என்று மாமியார் சத்தம் போட்டார். எனக்கு மனசு துள்ளியது. அடுக்களையில் இருந்த மஞ்சள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஏறிவருகிற தண்ணீரில் மஞ்சளைத் தூவி விழுந்து கும்பிட்டேன். எழுந்து பார்த்தால் மாமியார் கையில் துடைப்பம். அந்தத் தண்ணீரை வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறார்.

"என்னா புள்ள பண்ற?"

"புதுத்தண்ணிங்க அத்தை."

"புதுத்தண்ணியா? கக்கூஸ் தண்ணி லா இது."

இங்கே பேச்சில் ஒரு லா ஒட்டிக்கொண்டே வரும். பார்த்தேன். உண்மைதான். கடல் ஏறும்போது சாக்கடை திரும்பி ஓடும். அந்தத் தெருவில் இருக்கிற அத்தனை வீட்டுத் தண்ணீரும் வந்து நம் வீட்டைப் பார்த்துவிட்டுப் போகும். மாமியார் போய்ச் சேர்ந்துவிட்டார். கடைசிவரை என்னைப் புதுத்தண்ணி என்றுதான் கூப்பிட்டார்.

3

இந்த இடம் முன்பு கண்டல் காடு. கடல் வந்து போய்க்கொண்டிருந்த சேறு. மண் கரை போட்டு, கடலை அந்தப் பக்கம் நிறுத்திவிட்டு, இந்தப் பக்கம் லாரி லாரியாக மண்ணைக் கொட்டி வரிசை வீடு கட்டி விற்றார்கள். மாமனார் ரப்பர் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களுக்குக் கட்டின வரிசைக் குடியிருப்பில், இருந்தவர். தோட்டத்தை விற்றபோது எல்லோரையும் போகச் சொல்லிவிட்டார்கள். அவர் தன் வாழ்க்கையில் சொந்தமென்று வாங்கின ஒரே இடம் இந்தச் சேறு.

சேறு இறங்கிக்கொண்டே இருக்கிறது. கடல் ஏறிக்கொண்டே இருக்கிறது. இரண்டு பேரும் எங்கள் அடுப்படியில் சந்தித்துக்கொள்கிறார்கள்.

நான் வந்தபோது வாசலுக்குப் படி ஏறுவோம். இப்போது தெருவிலிருந்து வீட்டுக்குப் படி இறங்குகிறோம். வீடு பின்பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. எலுமிச்சம்பழம் கைதவறினால் தேட வேண்டாம். பின்கதவு மூலையில் கிடக்கும். அமாவாசை, பௌர்ணமி நம் ஊரில் விரதத்துக்கு. இங்கே ஃப்ரிட்ஜைத் தூக்கிக் கல் மேல் வைப்பதற்கு. மோட்டார் சைக்கிளை மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்துவோம். அரிசி அலமாரி உச்சிக்குப் போகும். தண்ணீர் வரும், இருக்கும், போகும். போனபின் உப்பு பூத்த தரையைக் கழுவ வேண்டும். இரும்புக் கதவு இத்துப்போய் பிஸ்கட் மாதிரி உதிரும். பக்கத்து வீட்டில் குழந்தை அதைத் தின்றுவிட்டது. ஒன்றும் ஆகவில்லை.

என் தம்பி செல்வம் ஸ்ரீரங்கத்தில் இருக்கிறான். அப்பாவின் வாழை இப்போது அவனிடம். அங்கே ரோடு மேல் ரோடு போட்டு வீடு பள்ளமாகிவிட்டால், உள்ளே மண் அடித்துத் தரையை உயர்த்துவார்கள். அவனும் அதைத்தான் சொன்னான்.

"ரெண்டு லோடு மண்ணு அடிச்சு மேல சிமெண்டு போடுங்கக்கா. அவ்வளவுதான்."

அடித்தோம். ஊரில் கீழே மணல், நல்ல கெட்டி. இங்கே கீழே களி மாதிரிச் சேறு. மண்ணைக் கொட்டினால் கனம். கனம் கூடினால் இன்னும் வேகமாக இறங்கும். இது எங்களுக்கு அப்புறம்தான் புரிந்தது. இரண்டு மழைக்காலத்தில் தரை பழைய இடத்துக்கே போய்விட்டது. சுவரையும் கூட அழைத்துக்கொண்டு போயிற்று. இடையில் கொஞ்ச நாள் தரை உயர்ந்திருந்தபோது, வீட்டுக்காரர் மின்விசிறிக்குக் குனிந்து போனார். அந்தக் குனிவு இன்னும் போகவில்லை.

4

இனி கால்.

அவருக்குச் சர்க்கரை. வலது கால் பெருவிரலில் ஒரு புண் வந்தது. ஆறவில்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒரு சின்னப் பெண், சீனப் பெண், டாக்டர். கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, வீடு எங்கே என்று கேட்டது. சொன்னேன். முகம் மாறிவிட்டது. அந்தத் தண்ணீர் இந்தப் புண்ணில் படவே கூடாது என்றது.

"பட்டால்?" என்று கேட்டேன்.

முதலில் விரலைத் தொட்டுக் காட்டியது. பிறகு பாதத்தை. பிறகு முழங்காலுக்குக் கீழே கையைக் கத்தி மாதிரி வைத்தது. மலாயில் சொல்லியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு தெளிவாகப் புரிந்திருக்காது.

அந்தச் சமயத்தில்தான் அரசாங்கத் திட்டம் ஒன்றும் வந்தது. எங்கள் வரிசை வீடுகளை இடித்துவிட்டு அங்கே புதுக்கரை. எங்களுக்கு மேட்டுப் பகுதியில் அடுக்குமாடி வீடு. ஆனால் வரிசை முழுக்க ஒத்துக்கொள்ள வேண்டும். ஒரு வீடு மாட்டேன் என்றாலும் கரை போட முடியாது. எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். ஒரு வீட்டைத் தவிர.

"எங்கப்பா வாங்குன வீடு" என்றார் இவர்.

"தாத்தா வாங்குனப்ப அது தரையில இருந்துச்சுப்பா" என்றாள் சுபா.

"பதினோராவது மாடியில இருக்க நான் என்னா புறாவா?"

"புறாவுக்குக் கால் முக்கியமில்ல. உங்களுக்கு முக்கியம் லா."

"இன்ஷூரன்ஸ் வேலைய ஆபீசோட வச்சிக்க."

அவள் கோபித்துக்கொண்டு போனாள். போனதால் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. தீபாவளிக்கு வருவாள், மத்தியானம் சாப்பிடுவாள், பிள்ளைகளுக்கு எங்கள் வீட்டுக் கக்கூசில் பயம், சாயங்காலம் கிளம்பிவிடுவார்கள். பேரப்பிள்ளைகள் என்னிடம் தமிழில் ஒரே ஒரு கேள்வி கேட்பார்கள். "பாட்டி, வைஃபை என்ன?"

நடுவில் நான் மட்டும் அரசாங்க ஆபீசுக்குப் போய், திட்டம் வரும் வரைக்கும் வெள்ள உதவி ஏதாவது கிடைக்குமா என்று கேட்டேன். கவுண்டரில் இருந்தவர் நல்ல மனிதர். என் மலாயைப் பொறுத்துக்கொண்டார்.

"வெள்ளம் வந்த தேதி?"

"எந்த வெள்ளம்?"

"கடைசியாக வந்தது."

"இன்று காலையில். இப்போது வடிந்திருக்கும்."

அவர் பேனாவை வைத்துவிட்டார். வடிந்துவிட்டால் அதை வெள்ளம் என்று எழுத முடியாதாம். நிற்கும்போது வந்து சொல்ல வேண்டும். நிற்கும்போது எப்படி வருவது என்று கேட்டேன். யோசித்தார். நியாயமான கேள்விதான் என்றார். பிறகு என் அட்டையைப் பார்த்தார். என்னுடையது சிவப்பு அட்டை. குடியுரிமை இல்லை, நிரந்தரவாசி. அதற்கு வேறு கவுண்டர். வேறு கவுண்டரில் அன்றைக்கு ஆள் இல்லை. அட்டையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே பஸ் ஏறினேன். அந்தத் தெருவில் நிரந்தரம் என்று அரசாங்கம் எழுதிக் கொடுத்திருப்பது எனக்கு மட்டும்தான்.

இவரிடம் தினமும் சொன்னேன். மேலே போய்விடலாம் வாங்க. சமைக்கும்போது சொன்னேன், துணி காயப்போடும்போது சொன்னேன். டிவி சத்தத்தைக் கூட்டினார். விளம்பரம் வரும்போது சொன்னேன். விளம்பரத்தைப் பார்த்தார்.

5

இந்த வருஷ ஆடி பதினெட்டு, அமாவாசையை ஒட்டி வந்தது. மத்தியானம் கடல் ஏறும் என்று தெரியும். காலையிலேயே ஃப்ரிட்ஜைக் கல் மேல் ஏற்றிவிட்டோம். இவரைக் கட்டிலில் ஏற்றி, கட்டிலையும் கல் மேல் ஏற்றினோம். காலை ஒன்பது மணிக்கெல்லாம் ஆள் பொங்கலுக்கு வைத்த பானை மாதிரி உயரத்தில் இருந்தார்.

செல்வம் வீடியோவில் வந்தான். பின்னால் கரும்பலகை தெரிந்தது.

"எங்கடா இருக்க?"

"ஸ்கூல்லக்கா. முக்கொம்புல தொறந்துட்டாங்க, கொள்ளிடம் நெறைய போவுது. கரையோரம் எல்லாரையும் கொண்டாந்து இங்க வச்சிருக்காங்க. எட்டாவது பி."

"அப்பவே ஒழுங்கா படிச்சிருந்தா திரும்பப் போயிருக்க வேணாம்."

"நீ மட்டும் கிழிச்சியாக்கும். வாழை மொத்தமும் உள்ள போயிடுச்சு. அம்மா மண்டபத்துல எறங்க விடல. ஆறு நெறைய தண்ணி ஓடுது, ஷவர் வச்சு அதுல நில்லுங்கங்கிறான் போலீஸ்காரன். உங்க வீட்டுல எப்படி?"

"இன்னும் வரல. மத்தியானம் வரும்."

"என்னக்கா பஸ்ஸு மாதிரி சொல்ற."

"கடல்டா. உங்க ஆறு மாதிரி இல்ல. நேரத்துக்கு வரும்."

"பேசாம மாமாவக் கூட்டிக்கிட்டு ஊருக்கு வந்துடுங்க."

"எதுக்கு? எட்டாவது பி-ல உக்காரவா?"

இரண்டு பேரும் சிரித்தோம். அவனுக்குப் பின்னால் ஒருத்தி குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். அவள் சிரிக்கவில்லை. அவளுக்கும் வாழை போயிருக்கும்.

ஒவ்வொரு வருஷமும் நான் ஆடி பதினெட்டைக் குழாயடியில் வைத்துக் கும்பிடுவேன். காவிரி வராத ஊரில் குழாய்தான் காவிரி. இந்த வருஷம் யோசித்தேன். தண்ணீர் தானாகப் படியேறி வரும்போது குழாய் எதற்கு. அதோடு, கும்பிட்டால் மரியாதையாக நடந்துகொள்ளும் என்று ஒரு எண்ணம். கால் கட்டிலில் இருக்கிறது பார், கொஞ்சம் பார்த்து வா என்று சொல்வது மாதிரி. பின்வாசலில் சாக்கடையை ஒட்டி இலை போட்டேன். புளிசாதம், தேங்காய் சாதம், தயிர்சாதம், காப்பரிசி. செல்வம் திருச்சி விமானத்தில் வந்த ஒருவரிடம் கொடுத்து அனுப்பின காதோலை கருகமணி. விளக்கு ஏற்றினேன்.

பக்கத்து வீட்டுப் பாக்கியம் அக்கா மதில் மேல் எட்டிப் பார்த்தார். அவரும் இங்கேயே பிறந்தவர். அந்த வரிசையில் எனக்கு இருக்கிற ஒரே தோழி.

"மல்லிகா, யாருக்குச் சோறு?"

"தண்ணிக்குக்கா."

"எந்தத் தண்ணிக்கு?"

காட்டினேன். சாக்கடையில் ஏறத் தொடங்கியிருந்தது.

"நான் வருசா வருசம் முனீஸ்வரனுக்குக் கோழி குடுத்து, இத உள்ள விடாத சாமின்னு வேண்டிக்கிறேன். நீ இந்தப் பக்கம் உக்காந்து, வாடி வாடின்னு புளிசோறு வைக்கிறியா?"

"உங்க சாமி உங்களுக்கு, எங்க சாமி எங்களுக்கு."

"தண்ணி ரெண்டு வீட்டுக்கும்தான லா வருது."

விளக்கு அணையாமல் கையால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அன்றைக்கு வழக்கத்தைவிட அதிகம் ஏறியது. மேற்கே எங்கேயோ மண் கரை உடைந்துவிட்டது என்று தெருவில் கத்தினார்கள். தண்ணீர் இலையைத் தூக்கியது. காவிரியில் விட்டால் இலை போகும், நாம் திரும்பிப் பார்க்காமல் வருவோம். இங்கே இலை என்னைத் தாண்டிக்கொண்டு பின்கதவு வழியாக வீட்டுக்குள் போயிற்று. பின்னாலேயே காதோலையும் போயிற்று. கொடுத்ததைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுக்கிற சாமியை அன்றுதான் பார்த்தேன்.

உள்ளே ஓடினேன். கூடத்தில் முழங்கால் அளவு. சுற்றிலும் தண்ணீர், நடுவில் கட்டில், அதில் ஒருக்களித்துப் படுத்துத் தலைக்குக் கை கொடுத்துக்கொண்டு இவர். ஸ்ரீரங்கத்தில் பிறந்தவளுக்கு அந்தக் கோலத்தைப் பார்த்தால் வேறு நினைப்பு வராது.

"பள்ளிகொண்ட பெருமாள் மாதிரி இருக்கீங்க."

"அப்ப நீ கால அமுக்கணும்."

"கால்ல கை வச்சா டாக்டர் திட்டும். பாம்பு ஒண்ணுதான் குறை."

அதுவும் வந்தது. விரல் தடிமனில், சாக்கடை வழியாக. கட்டிலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வாசல் பக்கம் போனது.

அந்தச் சிரிப்பு முடிவதற்குள் இவர் முகம் மாறியது. ஃப்ரிட்ஜ் பிளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் அதற்குக் கீழே, தொட்டுவிடுகிற மாதிரி. நான் தண்ணீரில் நிற்கிறேன்.

"மெயினை ஆப் பண்ணு."

மெயின் ஸ்விட்சை வெள்ளத்துக்குப் பயந்து ஆளுயரத்துக்கு மேல் ஏற்றிவைத்திருந்தோம். பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்தேன். அது மிதந்தது. அமுக்கி ஏறினேன். வழுக்கியது. திரும்ப ஏறக் காலைத் தூக்கும்போது பின்னால் தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

இறங்கிவிட்டார்.

"இறங்காதீங்க" என்றேன். அதற்குள் பாதித் தூரம் வந்துவிட்டார். கட்டுப்போட்ட காலை இழுத்து இழுத்து வைத்து, என்னைத் தாண்டிக் கையை நீட்டி, அணைத்தார். மின்விசிறி நின்றது. ஃப்ரிட்ஜ் நின்றது.

"ஒனக்கு எட்டாது" என்றார்.

திரும்பிப் போய்க் கட்டிலில் உட்கார்ந்து காலைத் தூக்கி வைத்தார். கால் கட்டுத்துணியிலிருந்து கறுப்பாகத் தண்ணீர் சொட்டியது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"துண்டு குடு."

கொடுத்தேன்.

6

பெருவிரலை எடுத்துவிட்டார்கள். பாதத்தைப் பற்றி இப்போது எதுவும் சொல்லமுடியாது, பார்ப்போம் என்றது அந்த டாக்டர் பெண். அந்த வீட்டுக்கு மட்டும் திரும்பிப் போகக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னது. இரண்டாவது தடவை என்னைப் பார்த்துச் சொன்னது, போக மாட்டேன் என்று அடம்பிடித்தவள் நான் என்பது மாதிரி.

மூன்றாம் நாள் பாக்கியம் அக்கா வந்தார். கூட வரிசை வீட்டுக்காரர்கள். ஆரஞ்சுப் பழமும் கையெழுத்து வாங்க வேண்டிய தாளும் கொண்டுவந்திருந்தார்கள். பழத்தை முதலில் கொடுத்தார்கள்.

"எல்லாம் போட்டாச்சு. ஒங்க கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி" என்றார் அக்கா. இவர் கூரையைப் பார்த்தார். அக்காவுக்குக் கோபம் வந்தது. ஆனால் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறவரைத் திட்ட முடியாது. என் பக்கம் திரும்பினார்.

"இவ அங்க வெளக்கு ஏத்துறா, இங்க கரை ஒடையுது. என் வாசிங் மெசின் போச்சு, மெத்தை போச்சு. கூப்புட்டு வச்சிட்டா."

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் பேசினார்.

"அவ கூப்புட்டா வந்துருமா? மேல போவோம் வாங்க, மேல போவோம் வாங்கன்னு என்னையே எவ்வளவு நாளா கூப்புடுறா. நான் வந்தேனா? கடல் மட்டும் இவ பேச்சக் கேக்குமா?"

வார்டே சிரித்தது. தமிழ் தெரியாத பக்கத்துக் கட்டில் மலாய்க்காரரும் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. தான் சொன்னதைத் தானே கேட்ட மாதிரி இருந்தார்.

நான் அக்காவிடம் சொன்னேன். "நாங்க கூப்பிடறதுக்குப் படைக்கிறதில்லக்கா. அவ புள்ளத்தாச்சி. புள்ளத்தாச்சிக்கு வாய்க்கு ருசியாச் சோறு போட்டு, போட்டுக்க குடுத்து, தாய்வீட்டுக்கு அனுப்பி வைக்கிறது. போயிடுவா. எங்க ஊருல எப்பவும் போயிடுவா."

பாக்கியம் அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கோபம் இறங்கியிருந்தது. ஆரஞ்சை அவரே எடுத்து உரித்தார்.

"அது ஒங்க ஊரு. இங்க கரை போடுறதுக்கு முன்ன என்னா இருந்துச்சு? சேறும் கண்டல் மரமும். நண்டு புடிக்க எங்கப்பா வருவாரு. அவளுக்குத் தாய்வீடே இதுதான். சோறு போட்டு அனுப்புன, அவ நேரா வந்துட்டா. அவ எங்க போவா? நாமதான் போவணும் லா."

அக்கா ஒரு சுளையை இவர் கையில் வைத்தார். சர்க்கரைக்காரர் என்பது அவருக்கு மறந்துவிட்டது. இவருக்கு மறக்கவில்லை, ஆனால் வாயில் போட்டுக்கொண்டார். மென்று முடித்த பிறகு கேட்டார்.

"பதினோராவது மாடிதான?"

"ஆமா."

"லிப்ட்டு வேலை செய்யுமா?"

"பாதி நாள் செய்யாதுங்கிறாங்க."

"அப்ப சரி. சுபா நெனச்ச நேரமெல்லாம் வந்து உசுர எடுக்க மாட்டா."

பேனா கேட்டார். போட்டார். மாமனார் பெயரும் சேர்ந்த முழுக் கையெழுத்து. கொஞ்சம் நேரம் எடுத்தது.

வீட்டைக் காலி செய்த அன்று அதிகம் அழுதது சுபா. வருஷக்கணக்காக ஒரு ராத்திரி தங்காத வீடு. ஒவ்வொரு சுவராகப் போட்டோ எடுத்தாள். தண்ணீர் ஏறின கறை வரிசை வரிசையாக இருந்தது, அதையும் எடுத்தாள். நான் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டிருந்தேன். அழுவதற்கு ஒரு ஆள் போதும்.

7

இப்போது பதினோராவது மாடி. காற்று நன்றாக வருகிறது. எலுமிச்சம்பழம் விழுந்த இடத்திலேயே கிடக்கிறது, முதலில் எனக்கு அது பழகவில்லை. அமாவாசைக்கு எதையும் தூக்கி வைக்க வேண்டாம், அன்றைக்கு எல்லாம் கை சும்மா இருந்தது. ஜன்னலில் கடல் தெரிகிறது. தள்ளிவைத்துப் பார்த்தால் அழகாகத்தான் இருக்கிறது, சம்பந்தி வீடு மாதிரி.

செல்வம் வீட்டுக்குத் திரும்பிவிட்டான். கொள்ளிடம் வடிந்துவிட்டது. வாழைக்கன்று வைத்திருக்கிறான். வண்டல் விட்டிருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது, ஆனால் முன்பு மாதிரி இல்லை என்றான். மணல் போய்ப் போய் ஆறு பள்ளத்தில் கிடக்கிறதாம். தண்ணீர் மேலே ஏறி வருவதற்குப் பதிலாகப் பக்கத்தில் கரையை அரிக்கிறதாம். அப்பா வைத்த கடைசி வரிசை வாழை நின்ற இடத்தில் இப்போது ஆறு ஓடுகிறது. இங்கே நிலம் கீழே போகிறது, அங்கே நிலம் பக்கவாட்டில் போகிறது. எந்தப் பக்கம் போனால் என்ன என்றான். கன்றுக்குத் தண்ணீர் ஊற்றினாயா என்று கேட்டேன்.

காலைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாடிக்கு வந்த பிறகு பாதத்தில் கறுப்பு ஏறவில்லை. புண் ஓரத்திலிருந்து மெல்ல மூடிக்கொண்டு வந்தது. வாரா வாரம் கட்டுப் பிரிக்கும்போது நான் அந்தப் பெண்ணின் முகத்தைத்தான் பார்ப்பேன், காலைப் பார்க்கமாட்டேன். போன வாரம் அது கட்டுப் போடவில்லை. காற்று படட்டும் என்றது. மூடின செருப்பு போட்டுக்கொண்டு நடக்கலாம் என்றது. சேறு, தண்ணீர் மட்டும் கூடாது.

மறுநாள் காலையில் நான் காய் வாங்கிக்கொண்டு வந்தால் வீட்டில் ஆள் இல்லை. டிவி ஓடிக்கொண்டிருந்தது. மூடின செருப்பு இல்லை. கீழே காவல்காரரிடம் கேட்டேன். பஸ் நிறுத்தம் பக்கம் போனார் என்றார். எந்தப் பக்கத்துப் பஸ் என்று நான் கேட்கவில்லை. பழைய வரிசையை இன்னும் இடிக்கவில்லை. அன்றைக்குப் பௌர்ணமி. எத்தனை மணிக்கு ஏறும் என்று பார்க்காமலே தெரியும்.

சமைத்தேன். ஜன்னலுக்குப் போகவில்லை. போனால் கடல் தெரியும்.

மத்தியானத்துக்கு மேல் வந்தார். கதவைத் திறந்தேன். வேர்த்திருந்தது.

"வீட்டப் பாத்தீங்களா?"

"ம்."

"தண்ணி இருந்துச்சா?"

"முழங்கால் வரைக்கும் நிக்குது. கதவு தொறந்து கெடக்கு."

வாசலில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். நான் குனிந்து எடுத்து அடியைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளே விரலை விட்டும் பார்த்தேன். ஈரம் இல்லை.

சோறு போட்டேன்.